பழைய சைக்கிளா, புதிய சைக்கிளா? கணக்குப் போட்டு வாங்குவோம்!

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது மட்டாஞ்சேரியில் நம்மவர் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது. "பாதி விலைக்குப் பழசு கிடைக்கும்போது புதுசு எதற்கு?" என்பார் ஒருவர். "பழசை வாங்கினால் ரிப்பேருக்கே காசு போய்விடும்" என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதும் சரிதான். ஆனால், இன்னும் எத்தனை ஆண்டு இந்த ஊரில் இருப்போம் என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும் என்பது என் கருத்து.

உதாரணமாக, புதிய சைக்கிள் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு ஓட்டிவிட்டு 2,000 ரூபாய்க்கு விற்றால் செலவு 4,000. ஆண்டுக்கு 800 ரூபாய்தான். அதையே ஓராண்டில் 4,000 ரூபாய்க்கு விற்றுவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தால், அந்த ஒரு வருடத்துக்கே 2,000 ரூபாய் நஷ்டம்.

பழைய சைக்கிளை 2,500 ரூபாய்க்கு வாங்கி, 500 ரூபாய்க்கு ரிப்பேர் பார்த்து, ஓராண்டு கழித்து 2,200 ரூபாய்க்கு விற்றால் நஷ்டம் 800 ரூபாய். ரிப்பேர் 2,000 ஆகிவிட்டாலோ நஷ்டம் 2,300! ஆகவே நீண்ட நாள் தங்குபவர்களுக்குப் புதியது. ஓரிரு ஆண்டில் மாறிப் போகிறவர்களுக்கு நல்ல நிலையில் உள்ள பழையது.

நல்ல நிலை என்பதை எப்படி அறிவது? கொச்சியின் உப்புக்காற்றும் மழையும் இரும்பைச் சும்மா விடுவதில்லை. புதுப் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். நான் முதலில் பார்ப்பது பிரேமின் பற்றவைத்த இடங்களையும் ஃபோர்க்கையும்தான். அங்கே விரிசல் இருந்தால் என்ன விலைக்கும் வேண்டாம். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் உள்ளதா, ரிம் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். டயர், செயின், பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் அந்தச் செலவைக் கேட்கும் விலையில் கழித்துவிடுங்கள்.

விற்கும்போது நல்ல விலை போவது சாதாரண கம்பி பிரேக் வண்டிதான். சென்னையில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. நிறுவனத்தின் ஹெர்குலிஸ் ஆனாலும், லூதியானாவில் 1956-இல் தொடங்கிய ஹீரோ ஆனாலும், இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலான உதிரி பாகம் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். மூட்டை கட்டும் தொழிலாளிக்கும் அதுவே தேவை. கியர், ஷாக் அப்சார்பர் வைத்த வண்டிகள் பழுதானால் வாங்குபவர் தயங்குகிறார், விலையும் விழுகிறது.

இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய வண்டிக்காரர் முன்பு வாங்கிய விலையைச் சொன்னால், இன்றைய கடை விலையை எடுத்துச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

முக்கியமாக, பில்லைக் கேளுங்கள். அதிலுள்ள எண்ணும் பிரேமில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லையென்றால் விற்பவரிடம் பெயர், முகவரி, கையெழுத்துடன் ஒரு சீட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணைச் சுரண்டிய வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிழைக்க வந்த ஊரில் திருட்டு வண்டிக்காகப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினால், மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு?

தமிழ்நாட்டு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் விலையில்லா சைக்கிளை விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். அது ஒரு பிள்ளையின் படிப்புக்காகக் கொடுக்கப்பட்டது.