ஏணியைப் பிடிக்க ஓர் ஆள்: சிறு தொழிலில் முதல் பகுதி நேரப் பணியாளர்

பனியன் கம்பெனிக்குப் போகாமல் சொந்தமாக ஏதாவது செய்ய நினைக்கும் திருப்பூர் மாவட்ட இளைஞர்களுக்கு, அதிக முதல் கேட்காத தொழில்களில் ஒன்று கண்ணாடி சுத்தம் செய்வது. ஒரு வைப்பர், ஒரு மடக்கு ஏணி, இரண்டு பக்கெட், நாலு மைக்ரோஃபைபர் துணி, ஒரு டூவீலர் இருந்தால் போதும். குண்டடம் போன்ற ஊரில் இருந்துகொண்டே தாராபுரத்தில் ஷோரூம், பல்லடம், திருப்பூர் பக்கம் எக்ஸ்போர்ட் அலுவலகம் என்று வேலை பிடிக்கலாம். மழை குறைவான, காற்று மிகுந்த பகுதி என்பதால் தூசிக்குப் பஞ்சமில்லை. போர் தண்ணீரில் கழுவினால் உப்புக்கறை வெள்ளையாகக் காய்ந்து நிற்கும், கடைசிக் கழுவலுக்கு ஆர்ஓ தண்ணீர் வேண்டும் என்பதெல்லாம் தொழிலில் இறங்கிய முதல் மாதத்திலேயே பிடிபட்டுவிடும்.

சிக்கல் தொடங்குவது அதற்குப் பிறகுதான். வேலை பெருகுகிறது, ஒருவரால் முடியவில்லை. "ஐநூறு ரூபாய் கொடுத்தால் ஒரு பையன் வருவான்" என்று யாரையாவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். அந்த நிமிடத்திலிருந்து நாம் தொழிலாளி மட்டுமல்ல, முதலாளியும்கூட. கூலி, நேரம், விபத்து ஆகிய மூன்றுக்கும் நாமே பொறுப்பு. நம்மில் பலர் கூலியை மட்டும் பேசிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிடுகிறோம்.

முதலில், ஆள் உண்மையிலேயே தேவையா என்று பார்க்க வேண்டும். ஒரு ஷோரூம் வேலை 1,800 ரூபாய், தனியாகச் செய்தால் 5 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவராகச் செய்தால் 3 மணி நேரத்தில் முடியும். உடன் வருபவருக்கு வேலை நேரம் 3 மணி, பயணம் 1 மணி, மொத்தம் 4 மணி நேரத்துக்கு மணிக்கு 90 ரூபாய் வீதம் 360 ரூபாய். மிச்சமான 2 மணி நேரத்தில் இன்னொரு கடையின் வேலையை முடித்தால் அந்த 360 ரூபாய் லாபமாகத் திரும்பி வரும். முடிக்காமல் வீட்டுக்குத் திரும்பினால், சீக்கிரம் வீடு வந்ததற்கு நாம் 360 ரூபாய் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். எனவே தீபாவளிக்கு முன் குவியும் வேலையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சாதாரண மாதங்களிலும் தொடர்ந்து வேலையைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால் ஆள் எடுக்கலாம்.

பயண நேரத்துக்கும் கூலியா என்று சிலர் கேட்கலாம். குண்டடத்திலிருந்து திருப்பூர் போய்வர இரண்டு மணி நேரமாவது ஆகும். நம் வண்டியில், நம் ஏணியைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு அது ஓய்வு நேரமல்ல. அதற்கும் கொடுப்பதே நியாயம் என்பது என் கருத்து. கொடுக்க முடியாத தூரம் என்றால், அந்த வேலையின் விலையைத்தான் தப்பாகப் பேசியிருக்கிறோம் என்று பொருள்.

திருப்பூர் வட்டாரத்தில் ஆள் தேடும்போது நமக்குப் போட்டி பனியன் கம்பெனிகள்தான். அங்கே 8 மணி நேரம் ஒரு ஷிப்ட், 12 மணி நேரம் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை மாலை சம்பளம். இந்தக் கணக்கில் வளர்ந்தவரிடம் "வேலை முடிந்ததும் பார்த்துத் தருகிறேன்" என்றால் அடுத்த வாரம் வரமாட்டார். கம்பெனிகளின் கண்ணாடியைத் துடைக்க ஞாயிற்றுக்கிழமைதான் வசதி, கம்பெனி ஆட்களுக்கும் அன்றுதான் லீவு என்பதால், அவர்களையே ஞாயிறு காலை கூப்பிடும் வழக்கம் உண்டு. ஆனால் ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்து, தூக்கம் போதாமல் வரும் ஒருவரை ஏணியில் ஏற்றுவது ஆபத்து. காலை, மாலை பால் கறந்துவிட்டுப் பகலில் நேரம் இருப்பவர், மதியம் சவாரி குறைந்த ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் போன்றவர்களை முதலில் கேட்டுப் பாருங்கள். 18 வயது நிரம்பாதவர் வேண்டவே வேண்டாம், சொந்தக்காரப் பையனாக இருந்தாலும் சரி. ஜும்ஆ தொழுகை, ரமளான் நோன்பு இருப்பவரென்றால் வெள்ளிக்கிழமை மதியத்தையும் நோன்பு நாட்களின் உச்சி வெயிலையும் வேலை அட்டவணையிலிருந்து முதலிலேயே எடுத்துவிட வேண்டும். வேறு மதத்தவரென்றால் அவருடைய பண்டிகை நாட்களுக்கும் இதே மரியாதை.

கூலியை நாளுக்கு இவ்வளவு என்று பேசுவதா, மணிக்கு இவ்வளவு என்று பேசுவதா? இதில் பலருக்கும் தெரியாத ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. நாள் கூலி அடிப்படையில் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட ஒருவரை அழைத்து, வேலை இல்லை என்று பாதி நாளில் அனுப்பினாலும் முழு நாளின் கூலியைத் தர வேண்டும். அவராகவே வேலை செய்ய மறுத்தால் மட்டும் கதை வேறு. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் உண்டு. இத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ளது. ஆகவே பகுதி நேரம் என்றால் மணிக்கணக்கில் பேசி, ஒரு நாள் அழைத்தால் குறைந்தது இத்தனை மணி நேரக் கூலி நிச்சயம் என்று சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. இரண்டு மணி நேர வேலைக்காக ஒருவர் தன் நாளையே ஒதுக்கிவிட்டு வருகிறார் என்பதை மறக்கக் கூடாது. தமிழக அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியத்தில் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி என்று இரண்டு பகுதிகள் உண்டு. இரண்டையும் கூட்டி வரும் நாள் தொகையை எட்டால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கான தொகை கிடைக்கும். நாம் பேசும் கூலி அதற்குக் கீழே போகக் கூடாது.

இனி ஏணி. இத்தொழிலில் இரண்டாவது ஆளின் முதல் வேலை கண்ணாடி துடைப்பது அல்ல, ஏணியின் அடியைப் பிடிப்பது. நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் இரு கை, இரு கால் நான்கில் மூன்று எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். கடைத்தெருக்களில் மின்கம்பி கட்டடத்தை ஒட்டியே போகும். அங்கே அலுமினிய ஏணியைத் தூக்கவே கூடாது. இரண்டாம் மாடிக்கு மேல் என்றால், கயிற்றில் இறங்கிச் செய்யும் பயிற்சி பெற்றவர்களின் வேலை அது. எவ்வளவு பணம் கிடைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

விழுந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு மாடிக்கு மேற்பட்ட, அல்லது 12 அடியும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடத்தின் பராமரிப்பு வேலை 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் உள்ளது. அச்சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. மரணம் என்றால் மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கேற்ற ஒரு காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 25 வயதுக்கு அந்த எண் 216.91. மாதம் 6,000 ரூபாய் பெற்ற பகுதி நேரப் பணியாளர் என்றால் 3,000 பெருக்கல் 216.91, அதாவது 6,50,730 ரூபாய். இதைத் தர வேண்டியவர் அவரை வேலைக்கு அழைத்துப் போனவர். "பெல்ட் போடச் சொன்னேன், அவர்தான் போடவில்லை" என்ற வாதம் சிறு காயங்களில் எடுபடலாம். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் எடுபடாது.

இ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேர் உள்ள நிறுவனத்துக்கு, பி.எஃப். இருபது பேர் உள்ள நிறுவனத்துக்கு. ஓர் ஆள் வைத்திருக்கும் நமக்கு இரண்டும் கட்டாயமில்லை என்று நிம்மதி அடைகிறோம். உண்மையில் அது நிம்மதிக்குரிய செய்தியல்ல. இ.எஸ்.ஐ. இருந்தால் மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் அது பார்த்துக்கொள்ளும், இல்லாத இடத்தில் முழுச்சுமையும் நம் தலையில்தான். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களில் பணியாளர் இழப்பீட்டுக்கென்றே தனிப் பாலிசி கிடைக்கிறது. பணியாளர் தன் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. ஆனால் அது அவருடைய காப்பீடு, நம் கடமைக்கு ஈடாகாது. காப்பீடு கூடுமா என்ற மார்க்கக் கேள்வி உள்ள சகோதரர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். கூடாது என்று முடிவெடுத்தால் சட்டப் பொறுப்பு போய்விடாது. அப்போது ஒவ்வொரு வேலையின் வருமானத்திலும் ஒரு பங்கைத் தொடாமல் தனியே சேர்த்து வைக்க வேண்டியிருக்கும்.

"அவர் என் ஆள் இல்லை, கான்ட்ராக்ட்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பதும் உண்டு. நேரத்தை நாம் சொல்கிறோம், ஏணியும் வைப்பரும் நம்முடையவை, எப்படித் துடைப்பது என்பதையும் நாமே காட்டுகிறோம் என்றால் பெயரை மாற்றி அழைப்பதால் அவர் கான்ட்ராக்டர் ஆகிவிட மாட்டார்.

இன்னொன்று அட்வான்ஸ். பல்லடம் பக்கத்து விசைத்தறிகளில் அட்வான்ஸ் கொடுத்து ஆளை நிறுத்தி வைக்கும் பழக்கத்தை நாம் அறிவோம். கல்யாணம், மருத்துவம் என்று கேட்டால் முடிந்ததைக் கொடுத்து உதவலாம். அதைக் காட்டி "கடன் தீரும்வரை வேறெங்கும் போகக் கூடாது" என்றால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடுக்கும் எல்லைக்குள் கால் வைக்கிறோம். ஆதார் அட்டையின் அசலை வாங்கி வைப்பதும் வேண்டாம்.

வாடிக்கையாளரின் கண்ணாடி உடைந்தால் அந்தத் தொகையைச் சொல்லாமல் கொள்ளாமல் கூலியில் பிடிப்பதும் தவறு. அலட்சியத்தால்தான் உடைந்தது என்பது உறுதியாக வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அதன் பிறகும், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பழைய கண்ணாடியில் முன்பே கீறல் இருந்ததா என்று வேலைக்கு முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பாதிப் பிரச்சினை எழவே எழாது.

பேசியதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மணிக்கு எவ்வளவு, குறைந்தது எத்தனை மணி, பயணத்துக்கு என்ன, சம்பள நாள் எது, எந்த உயரத்துக்கு மேல் ஏற வேண்டியதில்லை என்று பத்து வரி போதும், இருவரிடமும் ஒரு பிரதி. தெரிந்த பையன்தானே, எழுத்து எதற்கு என்பார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே குர்ஆனின் மிக நீளமான வசனம் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். கூலியை ஜிபேயில் அனுப்பினால் தேதியோடு பதிவு இருக்கும். ரொக்கம் என்றால் நோட்டில் கையெழுத்து.

தேர்வு செய்ய ஒரு நாள் சும்மா வந்து செய்து காட்டச் சொல்வது பரவலான பழக்கம். அந்த நாளுக்கும் கூலி உண்டு. முதல் இரண்டு மூன்று வேலைகளில் தரைத்தளத்தை மட்டும் கொடுத்து, ஏணியை அவர் எப்படி வைக்கிறார், சொன்னதைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கை வேகம் பழகப் பழக வரும். சொல்லியும் ஏணியின் மேல் படியில் நின்று எட்டித் துடைப்பவரை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

அப்படி ஒருவரை நிறுத்தினாலும், அவராகவே போனாலும், பாக்கிக் கூலியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. கூலியைத் தாமதிக்கக் கூடாது என்று ஜும்ஆ பயானில் கேட்காதவர் நம்மில் இல்லை. ஆனாலும் "பார்ட்டி பணம் வரட்டும்" என்ற பதிலைத்தான் அதிகம் கேட்கிறோம். எக்ஸ்போர்ட் கம்பெனிகளின் பில் மாதக்கணக்கில் இழுக்கும் என்பது தெரிந்ததே. அதனால்தான் முதல் ஆளை எடுக்கும் முன்பே, பார்ட்டி பணம் வராவிட்டாலும் இரண்டு மாதக் கூலி கொடுக்கும் அளவுக்குக் கையில் தொகை இருக்க வேண்டும். அது சேரும்வரை தனியாகவே செய்யலாம், எட்டாத உயரத்தை விட்டுவிட்டு.