அம்புத் தண்டும் அதன் விறைப்பும்

பீல், சந்தால் முதலிய பழங்குடி மக்களின் மூங்கில் வில்லில் அம்பு வில்லின் ஒரு பக்கத்தை ஒட்டியே அமைகிறது. ஆதலின், நாணில் பொருத்திய அம்பு இலக்கினின்றும் சற்று விலகியே நோக்கும். எனினும் எய்த அம்பு நேரே செல்கிறது. நாண் உந்துகையில் தண்டு வளைந்து, வில்லைத் தழுவினாற்போல் நெளிந்து செல்வதே இதற்குக் காரணமாகும். 1930களில் எடுக்கப்பட்ட அதிவேகப் புகைப்படங்கள் இதனைத் தெளிவாக்கின.

ஆகவே, தண்டின் விறைப்பு வில்லின் வலிமைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். 26 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளின் மேல் தண்டை வைத்து, நடுவில் 2 இராத்தல் எடையைத் தொங்கவிடுக. நடுப்பகுதி தாழும் அங்குல அளவால் 26ஐ வகுத்தால், பொருத்தமான வில்லின் இழுவிசை ஏறத்தாழ இராத்தலில் கிடைக்கும். அரை அங்குலம் தாழும் தண்டு 52 இராத்தல் வில்லுக்கு உரியது.

இது தொடக்க அளவே. எய்து பார்த்துத் திருத்துதல் வேண்டும். வலக்கையால் நாணை இழுப்பவரின் அம்பு இடப்புறம் விலகினால் விறைப்பு மிகுதி. முனையின் எடையைக் கூட்டுக. வலப்புறம் விலகினால் விறைப்புக் குறைவு. தண்டின் நீளத்தைக் குறைக்குக. விரிசல் கண்ட தண்டை அறவே விலக்குக. எய்யும்பொழுதே முறிந்து வில் பிடித்த கையில் பாயக்கூடும்.

வனவிலங்குகளை வேட்டையாடுதல் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. எனவே இச்சோதனைக்கு வைக்கோற்பொதியே தக்க இலக்காகும். பள்ளியில் எடையும் அளவுகோலும் கொண்டு தண்டை அளந்தறியும் மாணவர், இவையின்றியே தண்டைத் தேர்ந்த கைவினைஞரின் நுண்ணறிவையும் உணர்வர்.