மணியோசையை மேலேற்றினால் ஏன் ஓடுகிறது?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வழியில் ஒரு லிங்கக் கோயிலில் மணி அடிக்கும்போது வாசலில் நின்று செல்போனில் நான்கு விநாடி பதிவு செய்தால் போதும், வீட்டுக் கம்ப்யூட்டரில் அது வாத்தியமாகிவிடும்.

போன் காற்றழுத்தத்தை விநாடிக்கு 44,100 முறை அல்லது 48,000 முறை எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. 1987-ல் அமிகா கம்ப்யூட்டருக்கு வந்த 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' மென்பொருள், இப்படிப்பட்ட எண்களைப் படிக்கும் வேகத்தை மாற்றியே சுரத்தை மாற்றியது. இருமடங்கு வேகத்தில் படித்தால் ஒரு ஸ்தாயி ஏறும். கூடவே நான்கு விநாடி மணி இரண்டே விநாடியில் முடிந்துவிடும்.

இன்றைய மென்பொருள்கள் ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்குவதால் நீளம் குறையாது. ஆனால் 'ணங்' என்ற முதல் அடி சில மில்லிவிநாடிச் சமாசாரம். அது பக்கத்துத் துண்டுகளிலும் கசிந்து மழுங்கிவிடும். மணிக்குப் பழைய வழியே மேல் என்பது என் கட்சி.

நாதஸ்வரம் என்றால் கதை வேறு. வாத்தியங்களும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள 1983-ல் வந்த மிடி முறை சுரங்களைப் படிக்கட்டாகவே எண்ணுகிறது; கமகமோ வழுக்கு. அதற்குத்தான் கீபோர்டின் ஓரத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம்: 16,384 நுண்படிகள், வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஆடும் தோடி காந்தாரத்துக்கு அது சரியாகப் போதும். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் நீண்ட ஜாருவுக்குப் போதாது. அமைப்பில் அந்த இரண்டை 12 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் எல்எம்எம்எஸ் என்ற இசை மென்பொருளிலேயே மணிக்கான பழைய வழியையும் இந்தச் சுருதி வளைப்பையும் செய்து பார்க்கலாம்.