தண்ணீர் ஊற்றியே கொல்லலாமா? பீஸ் லில்லிக்கு வந்த சோதனை!

நெட்டப்பாக்கம்:

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பழகிய கை, வீட்டுக்குள் இருக்கும் செடியை மட்டும் சும்மா விட்டு வைக்குமா?

நெல்லும் கரும்பும் விளையும் ஊர் நெட்டப்பாக்கம். வரப்பு நனையத் தண்ணீர் கட்டினால்தான் இங்கே மனசு ஆறும். அதே கணக்கைப் பூந்தொட்டிக்கும் போட்டால் மிஞ்சுவது நஷ்டம்தான்.

நர்சரிகளில் பீஸ் லில்லி என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். பளபளக்கும் கரும்பச்சை இலை. நடுவே வெள்ளை வெளேரென்று பூ. வெயில் தேவையில்லை. வீட்டுக்குள்ளேயே வளரும். கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்தால் கடைக்கே ஒரு களை வந்துவிடும்.

வாங்கி வந்த சில வாரத்தில், ஒரு நாள் காலையில் செடி தலை தொங்கி நிற்கும். உடனே வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பம்.

"செடிக்குத் தண்ணி ஊத்துனியா?"

"விடிஞ்சதும் ஒரு சொம்பு ஊத்தினேனே!"

"பத்தலை போல. இன்னொரு சொம்பு ஊத்து!"

அந்த இரண்டாவது சொம்புதான் எமன்!

தண்ணீருக்குள் தாகம்

இந்தச் செடி காய்ந்தாலும் தொங்கும், வேர் அழுகினாலும் தொங்கும். ஏமாறுவது இங்கேதான்.

தொட்டி மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் கறுத்து அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. தண்ணீருக்குள் நின்றபடியே செடி தாகத்தில் வாடும். நெற்பயிருக்கு இலையிலிருந்து வேர் வரை காற்று இறங்க உள்ளுக்குள் வழி இருக்கிறது. அதனால் சேற்றில் நிற்கிறது. அந்தக் கணக்கு பூந்தொட்டிக்கு உதவாது.

விரல் வைத்தியம்

சொம்பை எடுக்கும் முன் ஆள்காட்டி விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட வேண்டும். ஈரம் ஒட்டினால் சொம்பைக் கீழே வைத்துவிடலாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக வழியும் வரை ஊற்றலாம். கீழ்த்தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். துளை இல்லாத தொட்டி கூடவே கூடாது. காய்ந்து தொங்கிய செடி சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும்.

மண் ஈரமாக இருந்தும் தொங்குகிறதா? செடியை வெளியே எடுத்து, கறுத்துக் கொழகொழத்த வேரை வெட்டிவிட்டு, புது மண்ணில் நட வேண்டும். செம்மண், தென்னைநார்த் தூள், மண்புழு உரம், கொஞ்சம் மணல். இதுவே போதும்.

இலை நுனி மட்டும் கருகினால் போர் தண்ணீரில் உள்ள உப்பும் காரணமாக இருக்கலாம், உரம் கூடிப் போனதும் காரணமாக இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு குடம் பிடித்து வைத்து ஊற்றினால் செடிக்குக் கொண்டாட்டம்.

பூ எங்கே போச்சு?

"வாங்கும்போது பூ இருந்தது. அப்புறம் பூக்கவே இல்லையே!" இது அடுத்த புகார்.

சூட்சுமம் இதுதான். பெரிய பண்ணைகளில் ஜிப்ரலிக் அமிலம் என்ற மருந்தைத் தெளித்து, விற்பனைக்கு ஏற்றபடி பூக்க வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு செடி தன் இஷ்டப்படிதான் பூக்கும். அதற்கு வெளிச்சம் வேண்டும். நேர் வெயில் பட்டால் இலை கருகும். இருட்டு மூலையில் உயிரோடு இருக்கும், பூக்காது. வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரமே சரியான இடம்.

இதன் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கக் காடுகள். பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்த பரம்பரை. 19ஆம் நூற்றாண்டில் கொலம்பியாவில் சுற்றிச் செடி சேகரித்த ஜெர்மானியர் குஸ்தாவ் வாலிஸ். அவர் பெயரை இன்றும் ஓர் இனம் சுமக்கிறது: ஸ்பாத்திஃபில்லம் வாலிசி.

சேப்பங்கிழங்குக்குச் சொந்தம்!

பெயரில்தான் லில்லி. உண்மையில் இது சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு குடும்பம். வெள்ளையாக விரிந்திருப்பது இதழ் அல்ல, மடல். நடுவில் நிற்கும் கதிரில் நெருக்கமாக ஒட்டியிருக்கும் பொடிப் பொடிப் பூக்களே நிஜப் பூக்கள்.

குடும்பக் குணமும் கூடவே வந்திருக்கிறது. பச்சைச் சேம்பு நாக்கில் பட்டால் அரிக்கிறதே, அதற்குக் காரணமான ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதன் இலையிலும் உண்டு. தவழும் குழந்தை கடித்தால் வாய் எரியும், வீங்கும், எச்சில் வடியும். பூனைக்கும் நாய்க்கும் இதே கதிதான். உடனே வாயைக் கழுவிவிட வேண்டும். வீக்கம் கூடினாலோ, மூச்சுவிடத் திணறினாலோ டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். பிள்ளைகள் உள்ள வீட்டில் செடியின் இடம் எட்டாத உயரம்!

காற்றைச் சுத்தம் செய்யுமா?

"வீட்டுக் காற்றைச் சுத்தம் பண்ணும் சார்!" என்று சொல்லி விற்பதும் உண்டு. 1989ல் அமெரிக்காவின் நாசா நடத்திய சோதனைதான் இந்தப் பேச்சுக்கு மூலம். அது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்த சோதனை. சாதாரண வீட்டில் காற்று உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதற்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டும் என்று 2019ல் வெளியான அமெரிக்க ஆய்வு கணக்குச் சொன்னது. அத்தனை செடி வைத்தால் வீட்டுக்காரர் தெருவில்தான் படுக்க வேண்டும்!

காற்று வேண்டுமா? ஜன்னலைத் திறந்தால் வரும். கண்ணுக்குக் குளிர்ச்சி வேண்டுமா? ஒரு பீஸ் லில்லி தாராளமாகப் போதும்.

வாங்கியவர்கள் மறக்கக் கூடாதது ஒன்றே ஒன்று: முதலில் விரல், அப்புறம்தான் சொம்பு!