தகரப் பெட்டிக்குள் தாத்தாவின் பெயர்

கோத்தகிரி, குன்னூர், பந்தலூர், சேரம்பாடி பக்கம் தாயகம் திரும்பிய குடும்பங்கள் வாழும் லயங்களில், பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு தகரப் பெட்டி இருப்பதைப் பார்க்கலாம். மேலே கல்யாணப் புடவை. அதற்கு அடியில் பாலித்தீன் பையில் சுற்றிய காகிதங்கள்: முத்திரை மங்கிய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன இலங்கைப் பிறப்புச் சான்று. பேரனோ பேத்தியோ கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் மாதத்தில்தான் அந்தப் பெட்டி திறக்கப்படுகிறது. அதுவும், சாதிச் சான்றிதழுக்கு "அப்பா, தாத்தாவோட பழைய ரிக்கார்டு ஏதாவது இருக்கா?" என்ற கேள்வி வந்த பிறகு.

வம்சாவளி என்பது ஜமீன் குடும்பங்கள் பெருமைக்காகச் சுவரில் மாட்டிவைக்கும் சமாச்சாரம் என்றே பலரும் நினைக்கிறோம். தோட்டத் தொழிலாளியிடமோ அது உரிமைக்கான அத்தாட்சியாகக் கேட்கப்படுகிறது. இரண்டு நாடுகளில், இரண்டு முறை கேட்கப்பட்டது.

முதல் கேள்வி: அப்பா எங்கே பிறந்தார்?

19ஆம் நூற்றாண்டில் முதலில் காபிக்கும், பிறகு தேயிலைக்கும் ஆள் தேவைப்பட்டபோது திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து மக்கள் இலங்கை மலையகத்துக்குப் போனார்கள். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, கங்காணியின் முன்பணத்தை நம்பிக் கடல் தாண்டியவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினரே.

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் குடிமகனாக வேண்டுமானால், அவருடைய தகப்பனார் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது பாட்டனாரும் பூட்டனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்து, லயத்திலேயே செத்துப்போன தலைமுறைகளுக்குப் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? பல லட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேர் கணக்கில் வந்தார்கள். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் 'டான்டீ' ஆனது.

இரண்டாவது கேள்வி: தாத்தா என்ன சாதி?

இந்தியாவில் பட்டியல் சாதிகளை வரையறுத்த குடியரசுத் தலைவர் ஆணையின் தேதி 1950 ஆகஸ்ட் 10. அந்த நாளில் இந்தப் பிள்ளைகளின் தாத்தா நுவரெலியாவிலோ பதுளையிலோ காலைப் பெரட்டில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் இருந்த இலங்கைக் காகிதங்களில் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கும், சாதி இருக்காது. சாதி எழுதப்பட்ட காகிதம் இருக்க வேண்டுமானால் அது அவருடைய தகப்பனார் விட்டுவந்த ஊரில் இருக்கும். அந்த ஊரில் இன்று இவர்களை அடையாளம் சொல்ல ஆள் இல்லை. சாதியின் பெயரால் தனி லயம், தனிக் குடம் என்று பட்ட அவமானத்துக்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை. அந்தச் சாதிக்கான உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் மட்டும் மூன்று தலைமுறைச் சான்று தேவைப்படுகிறது.

தூரக் கடலும் பக்கத்துக் கடலும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன சுமார் 1,52,000 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா எல்லாம் அதில் உண்டு. மொரீஷியசில் மோக்கா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அத்தகைய குடியேற்றப் பதிவேடுகளைக் காத்து வருகிறது. அங்கே போய்ப் பூட்டனாரின் ஊரைக் கண்டுபிடித்து, தமிழ்நாட்டுக்கு வந்து குலதெய்வத்தைக் கும்பிட்டுப் போகிறவர்கள் உண்டு.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தச் சின்னக் கடலைத் தாண்டியவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் எளிதில் கிடைப்பதில்லை. அவர்கள் போனது பல ஆண்டு ஒப்பந்தத்தில் அல்ல, கங்காணியின் கணக்கில். ஆளின் பெயரைவிட அவர் பட்ட கடன்தான் அந்தக் கணக்கில் முக்கியம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறுவதற்கே 'துண்டு' என்ற கடன் சீட்டு வேண்டியிருந்தது. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். 1921-இல்தான் அந்த முறை ஒழிந்தது. நம் முன்னோர் முதலில் காகிதத்தில் ஏறியது கடனாளிகளாகத்தான்.

எங்கிருந்து தேடுவது?

முதலில் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் உட்காருங்கள். செல்போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கங்காணி யார், குலதெய்வம் எது, அந்தக் கோயில் எந்த ஊரில் என்று கேளுங்கள். கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களையே கூட்டிப் போனார்கள். ஆகவே உங்கள் ஊர்ப் பெயர் மறந்திருந்தால், அதே கங்காணியின் கீழ் இருந்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம்.

அடுத்தது தகரப் பெட்டி. பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் படியுங்கள். இந்திய ஊர், தாலுகா எங்காவது குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். பிற்கால இலங்கைப் பிறப்புச் சான்றுகளில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் கேட்கும் பத்தி உண்டு. குடியுரிமைக்காகக் கேட்கப்பட்ட அந்தப் பத்தி இன்று நமக்கு உதவும். சான்று தொலைந்திருந்தால், பெயர், பிறந்த நாள், தோட்டம் அல்லது மாவட்டம் தெரிந்தால் இலங்கைப் பதிவாளர் நாயகத் திணைக்களத்தில் நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது, ஊர். பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் சாதி எழுதப்பட்டிருக்கும். தாத்தா பள்ளிக்கூடம் போகாவிட்டாலும், ஊரில் தங்கிவிட்ட அவருடைய தம்பி மகன் போயிருக்கலாம். 1892-இல் பிறந்த அரசாணையின்படி ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம், வருவாய்ப் பதிவேடுகளில் 'டி.சி. நிலம்' என்று குறிக்கப்பட்டது. அந்த நிலத்தைப் பெற்றவர்களில் உங்கள் பங்காளியின் பெயர் இருக்கலாம். இவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

ஆக, இலங்கைக் காகிதம் தாத்தாவைக் காட்டும். இந்தியக் காகிதம் சாதியைக் காட்டும். இரண்டையும் இணைக்கும் பாலம் ஊர்ப் பெயர். அது பெரும்பாலும் எழுத்தில் இல்லை, கிழவிகளின் நாக்கில் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால் பாலமும் போய்விடும்.

எழுத்து தவறியிருந்தால் கலங்க வேண்டாம். துரையும் கணக்கப்பிள்ளையும் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. ஒரே ஆள் மூன்று காகிதத்தில் மூன்று பெயரில் இருப்பார். தகப்பன் பெயர், மனைவி பெயர், தோட்டம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்.

எழுதி வைத்த பேரன்

இந்த வேலைக்கு நமக்கு ஒரு முன்னோடி இந்த மலையிலேயே இருந்தார். 1845-இல் பிறந்து, நீலகிரியில் வளர்ந்து, 1891-இல் இங்கேயே திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிய அயோத்திதாசப் பண்டிதர்தான் அவர். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற வெள்ளைக்காரத் துரையின் வீட்டில் பட்லர். தன்னிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கந்தப்பன் அந்தத் துரையிடம் கொடுக்க, அது எல்லிஸ் துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தச் செய்தி இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், பேரன் அதை எழுதி வைத்ததுதான்.

பேரன் எழுதியிராவிட்டால் கந்தப்பன் வெறும் பட்லராகவே மறைந்திருப்பார். நம் தாத்தாக்கள் செக்ரோலில் ஒரு பேராக, அரைப்பேராக மறைந்துவிடக் கூடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறங்கள். அலுவலகம் கேட்பதற்காக மட்டும் வேண்டாம், நமக்காகவும் திறப்போம்.