செந்தூல் முதியோரும் மறதி நோயும்

மலேசிய சுகாதார அமைச்சு 2018ஆம் ஆண்டில் முதியோர் நலம் குறித்து நடத்திய தேசிய ஆய்வு, 60 வயதை எட்டியோரில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என மதிப்பிட்டது. டிமென்ஷியா எனப்படும் இந்நிலை முதுமையில் எவருக்கும் நேரும் இயல்பான மறதியன்று. மூளையின் நரம்பணுக்கள் சேதமடைவதால் நினைவு, மொழி, திசையறிவு, தீர்மானிக்கும் திறன் ஆகியவை குலைந்து, அன்றாட வேலைகளுக்குப் பிறரைச் சார்ந்திருக்க நேரும் நோய்நிலை. அந்த ஆய்வின் விழுக்காட்டைவிட முதன்மையானது, நோய் யாரிடம் மிகுந்திருந்தது என்பதே: பெண்களிடமும், ஊரகத்தாரிடமும், முறையான பள்ளிக்கல்வி பெறாதோரிடமும் அது கூடுதலாகக் காணப்பட்டது.

கோலாலம்பூரின் செந்தூலில் இன்று எழுபதைக் கடந்து வாழும் தமிழர்களின் இளமைக்காலத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரயில்வே பட்டறையை நம்பி அங்கே வேரூன்றிய குடும்பங்களோடு, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதால் வேலையும் லயத்து வீடும் இழந்து, தலைநகரின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பின்னர் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பு நின்றுபோனவர்களும், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக அதற்கும் முன்பே நிறுத்தப்பட்ட பெண்களும் அவர்களிடையே உள்ளனர். சிறுவயதுக் கல்வி மூளையில் நரம்பிணைப்புகளைப் பெருக்குகிறது என்றும், பின்னாளில் சில பகுதிகள் சேதமுற்றாலும் எஞ்சியவற்றைக் கொண்டு சமாளிக்கும் வலிமையை அது தருகிறது என்றும் அறிவியலாளர் கருதுகின்றனர். இவ்வலிமை 'அறிவாற்றல் இருப்பு' எனப்படுகிறது. ஆகவே, தோட்டப் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்ட பள்ளிக்கூடம், அறுபது ஆண்டுகள் கழித்து உடல்நலக் கேடாகவும் வெளிப்படக்கூடும்.

கல்வியின்மை மற்றொரு வகையிலும் முதியவரைப் பாதிக்கிறது. கடிகாரத்தை வரையச் சொல்லியும் கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொல்லியும் மதிப்பெண் இடும் சோதனைகள், பென்சிலைப் பிடித்தே பழகாத ஒருவரை, அவர் மூளை நலமாக இருக்கும்போதும் நோயாளியாகக் காட்டிவிடும். 2018ஆம் ஆண்டு ஆய்வு பயன்படுத்திய 'ஐடியா' என்னும் சோதனை, எழுத்தறிவு குறைந்த ஆப்பிரிக்க முதியோருக்காக உருவாக்கப்பட்டது. காட்டிய வடிவத்தைத் தீக்குச்சிகளால் அமைப்பது, சொன்ன சொற்களைச் சிறிது நேரம் கழித்து நினைவுகூர்வது போன்ற, எழுதத் தேவையில்லாத பணிகளே அதில் உள்ளன. செந்தூல் போன்ற ஊர்களில் முதியோரைச் சோதிப்போர் இவ்வகைக் கருவியைத் தமிழிலேயே பயன்படுத்துவதுதான் முறை. பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க உட்காரவைத்து நடத்தும் சோதனையின் முடிவை எவ்வளவு தூரம் நம்புவது என்பது கவலைக்குரிய கேள்வி.

போன கல்வியை மீட்க முடியாது. ஆனால் மாற்றக்கூடிய வேறு காரணிகள் பல உள்ளன. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல், குறைந்த கல்வி உட்பட அத்தகைய காரணிகளை 14 என வகுத்து, அனைத்தையும் நீக்க முடிந்தால் உலகின் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் எனக் கணித்தது. அவற்றுள் நீரிழிவு மலேசியத் தமிழர்களின் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் வயதுவந்தோரிடையே நீரிழிவு 18.3 விழுக்காடாக இருக்க, இந்தியரிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையும் உயர் இரத்த அழுத்தமும் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை ஆண்டுக்கணக்கில் சேதப்படுத்தி, வெளியே தெரியாத சிறுசிறு அடைப்புகளை உண்டாக்குகின்றன. இந்தச் சேதம் நடுவயதிலேயே தொடங்கிவிடுவதால், குறைந்த வருமானத்தினரில் 40 வயதை எட்டியோருக்கு அரசு இலவசமாக வழங்கும் 'பெக்கா பி40' உடற்பரிசோதனையை மறதி நோய்த் தடுப்பின் முதற்படியாகவே கருதலாம்.

செவித்திறன் இழப்பும் அப்பட்டியலில் உள்ளது. இரும்படிக்கும் ஓசையின் நடுவே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தோருக்குக் காது மந்தமாவது தொழில் மருத்துவம் நன்கறிந்த செய்தி. பட்டறை ஊராக இருந்த செந்தூலுக்கு இது அந்நியமானதன்று. அமெரிக்காவில் 977 முதியோரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், காதொலிக் கருவி அனைவருக்கும் பயன் தந்ததாகத் தெரியவில்லை. எனினும், ஏற்கெனவே நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற ஆபத்துகள் மிகுந்திருந்த பிரிவினரிடம் மூன்றாண்டுகளில் அறிவாற்றல் சரிவை அது 48 விழுக்காடு குறைத்தது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மிகுந்த சமூகத்தில், காதுப் பரிசோதனையை முதுமையின் சில்லறைத் தேவையாக ஒதுக்கிவிடுவது தவறு.

நோய் வந்தபின் மொழியே முதன்மையான சிக்கலாகிறது. சிலருக்குப் பிற்காலத்தில் கற்ற மொழிகள் முதலில் நழுவ, தாய்மொழி நெடுநாள் தங்குவதால், வேலையிடத்தில் மலாயைச் சரளமாகப் பேசிய ஒருவர் தமிழ் மட்டுமே பேசுபவராக மாறலாம். அவரை மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே நடைபெறும் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் சேர்த்தால், மற்றவர் பேச்சு புரியாமல் எழும் பதற்றம் நோயின் முற்றலாகத் தவறாகக் கருதப்பட வாய்ப்புண்டு. அரசின் முதியோர் செயல்பாட்டு மையங்களில் தமிழ் பேசும் பராமரிப்பாளர்களைப் பயிற்றுவித்து அமர்த்துவது, புதிய மருந்துக்காகக் காத்திருக்காமல் இப்போதே செய்யத்தக்க பணி.