0.9 சதவீதத்தில் பிறந்த சூப்பர்ஹிட் தெரியுமா?

2022 ஜூன் 29. தென்கொரியாவில் ஈஎன்ஏ என்ற குட்டி கேபிள் சேனல். அந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்கு ரிமோட்டில் அது எந்த எண்ணில் வரும் என்று தெரியாது. அன்றிரவு அதில் ஒரு புதுத் தொடர் ஆரம்பித்தது. மறுநாள் காலை ரேட்டிங் வந்தது: 0.9 சதவீதம். முழுசாக ஒன்றுகூட இல்லை!

ஆகஸ்டில் அதே தொடரின் கடைசி எபிசோடுக்குக் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? 17.5 சதவீதம்! அதுதான் 'எக்ஸ்ட்ராடினரி அட்டர்னி வூ'. ஆட்டிசம் உள்ள இளம் வழக்கறிஞர், அவர் மனசு முழுக்கத் திமிங்கிலங்கள், சுழல்கதவில் அவருக்கு உதவப் போய்க் காதலில் விழும் ஒரு பையன். முதல் நாள் பார்க்காமல் விட்ட கூட்டம்தான் பிறகு வாரா வாரம் புதன், வியாழன் எப்போது வரும் என்று தவம் கிடந்தது.

இதில் இன்னொரு அதிசயம். கதையில் ஒரு கிராமத்து வழக்கு வரும். நெடுஞ்சாலைக்காக வெட்டப்பட இருந்த ஒரு பெரிய மரத்தைக் காப்பாற்றும் வழக்கு. அந்த மரம் செட் இல்லை. சாங்வோன் நகரத்தில் சுமார் 500 வயதுடன் நிஜமாகவே நிற்கிறது. தொடர் ஓடும்போதே ஜனங்கள் அங்கே படையெடுத்தார்கள். அதே 2022 அக்டோபரில் அரசாங்கம் அதை இயற்கை நினைவுச்சின்னமாகவே அறிவித்துவிட்டது! ஒரு டிவி தொடர் ஒரு மரத்துக்குப் பதவி வாங்கிக் கொடுத்த கதை இது.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கொரியக் காதல் தொடரின் முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு "ப்ச், இது தேறாது" என்று மூடி வைத்தவர்களுக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அந்த ஊரில் தொடர்கள் வாரத்துக்கு இரண்டு எபிசோடு. திங்கள்-செவ்வாய், புதன்-வியாழன், வெள்ளி-சனி, சனி-ஞாயிறு என்று ஜோடி ஜோடியாக ஒளிபரப்பு. பல தொடர்களுக்கு 16 எபிசோடு, எட்டே வாரத்தில் முடிந்துவிடும். ஒற்றைப்படை எபிசோடு முடிந்தால் மறுநாளே அடுத்தது. இரட்டைப்படை முடிந்தாலோ ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அப்படியென்றால் பெரிய வெடிகுண்டை எங்கே வைப்பார்கள்? இரட்டைப்படையின் கடைசி ஐந்து நிமிடத்தில்தான்! என்னைக் கேட்டால், ஒரு கொரியக் காதல் தொடரின் உண்மையான தொடக்கம் இரண்டாவது எபிசோடின் முடிவுதான். முதல் எபிசோடு வெறும் அழைப்பிதழ்.

நம்ப முடியவில்லையா? 'லவ்லி ரன்னர்' பாருங்கள். 2024 ஏப்ரல் 8-ல் டிவிஎன் சேனலில் தொடங்கியது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு ரசிகை, அவள் உயிராக நேசிக்கும் பாடகன், அவனுடைய திடீர் மரணம், அவள் 2008-க்குத் திரும்பிப் போய் அவனைக் காப்பாற்ற முயல்வது. முதல் எபிசோடில் இவள்தான் அவன் பின்னால் ஓடுகிறாள். சரி, ரசிகைக் கதை என்று நாம் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டாவது எபிசோடின் கடைசியில் மழை, ஒரு மஞ்சள் குடை... அவளுக்கு முன்னாலேயே, அவளுக்கே தெரியாமல், அவன்தான் அவளைக் காதலித்திருக்கிறான்! அதுவரை பார்த்த எல்லாவற்றையும் திரும்பப் போய்ப் பார்க்க வைத்த ஐந்து நிமிடம் அது.

இதைவிடப் பெரிய வேடிக்கை அதன் ரேட்டிங். தொடங்கியது 3.1 சதவீதம், முடிந்தது 5.8. பார்த்தால் சாதாரணம்தான், இல்லையா? ஆனால் கொரிய இணையம் முழுக்க இதே பேச்சு! கதையில் வரும் 'எக்லிப்ஸ்' என்ற இசைக்குழு கற்பனை. அந்தக் கற்பனைக் குழு பாடிய 'சோனாகி' பாட்டு, நிஜமான மெலான் இசைப் பட்டியலில் நிஜமான பாடகர்களைத் தள்ளிக்கொண்டு முதல் பத்துக்குள் நுழைந்தது! வாரத்திலேயே எல்லோரும் வெறுக்கும் திங்கட்கிழமையை ஒரு தேசமே எதிர்பார்க்க ஆரம்பித்தது. கடைசி எபிசோடை சியோலில் ஒரு திரையரங்கில் நடிகர்களோடு உட்கார்ந்து பார்க்க டிக்கெட்டுக்கு அடிதடி. பியோன் வூ-சோக் என்ற நடிகர் பல வருடம் துணை வேடங்களில் வந்துபோனவர். இந்த எட்டு வாரத்துக்குப் பிறகு அவரைத் தெரியாதவர்கள் அங்கே கிடையாது.

அதே சமயம் அதே சேனலில் சனி, ஞாயிறு என்ன ஓடியது தெரியுமா? 'குயின் ஆஃப் டியர்ஸ்'! அதாவது 2024 ஏப்ரலில் நான்கு வாரம், சனி தொடங்கி செவ்வாய் வரை நான்கு இரவும் கொரிய ரசிகர்களுக்குத் தூக்கமில்லை.

'குயின் ஆஃப் டியர்ஸ்' முதல் எபிசோடு ஒரு துணிச்சல். மற்ற காதல் கதைகள் முடியும் இடத்தில் இது தொடங்கும். கல்யாணமாகி மூன்று வருடம். பெரிய பணக்கார வீட்டு மகள், கிராமத்து வக்கீல் மாப்பிள்ளை. மாமியார் வீட்டுக் கொடுமை இங்கே மாப்பிள்ளைக்கு! குடும்பப் பூஜைக்குச் சமையலறையில் நின்று பலகாரம் செய்வது அந்த வீட்டு மாப்பிள்ளைகள். விவாகரத்துப் பத்திரத்தோடு மனைவி முன்னால் போய் நிற்கிறான். அவள் சொல்கிறாள், தனக்கு இன்னும் மூன்று மாதம்தான் ஆயுள் என்று. அவனுக்கு முதலில் வருவது அழுகை இல்லை, நிம்மதி! இப்படி ஒரு நாயகனை முதல் வாரத்தில் யாருக்குத்தான் பிடிக்கும்? 5.9 சதவீதத்தில் தொடங்கியது. கடைசி எபிசோடு 24.9-ஐத் தொட்டு, டிவிஎன் சேனலின் வரலாற்றிலேயே முதலிடம்.

அது முறியடித்தது யாருடைய சாதனையை? 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ', 21.7 சதவீதம். இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள்! பார்க் ஜி-உன். தன் சாதனையைத் தானே உடைத்த அதிசயம். 2013-ல் 'மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்' எழுதி, சீனாக்காரர்களைப் பொரித்த கோழியும் பீரும் தேடி அலைய வைத்தவரும் இவரே. அங்கே இப்படித்தான்: பதினாறு எபிசோடையும் பெரும்பாலும் ஒருவரே எழுதுவார், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நடிகர் பெயருக்குச் சமமாக எழுத்தாளர் பெயரும் பேசப்படும். இது நம் ஊர்த் தயாரிப்பாளர்கள் காதில் விழ வேண்டும் என்று ஒரு ஆசை, அவ்வளவுதான்.

'கிராஷ் லேண்டிங்' முதல் எபிசோடைச் சுருக்கமாகச் சொன்னால் சிரிப்பீர்கள். பாராகிளைடிங் போன பணக்காரப் பெண்ணைச் சூறாவளி தூக்கி வடகொரியாவில் போடுகிறது. மரத்தில் தொங்கும் அவளை ஒரு ராணுவ கேப்டன் பிடிக்கிறான். ஆனால் அந்த வடகொரியக் கிராமம், அதன் சமையலறை, பேச்சு எல்லாம் அவ்வளவு உயிரோடு இருந்ததற்குக் காரணம், வடகொரியாவிலிருந்து தப்பி வந்த ஒருவர் எழுத்துக் குழுவில் இருந்தார். கேப்டனாக நடித்த ஹ்யூன் பின்னும் நாயகி சோன் யே-ஜினும் 2022 மார்ச் 31-ல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள்!

அந்தத் தொடரில் ஏரிக்கரைப் படகுத்துறையில் கேப்டன் பியானோ வாசிப்பானே, அது சுவிட்சர்லாந்தின் ஈசல்ட்வால்ட். சுமார் 400 பேர் வாழும் ஊர். வந்து குவிந்த ஆசிய ரசிகர் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், 2023-ல் துறைக்கு ஒரு சுழல்கதவு போட்டு ஆளுக்கு 5 பிராங்க் வசூலிக்க ஆரம்பித்துவிட்டார்கள். போட்டோ எடுக்க அப்போது நம் காசுக்கு ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கம்!

சரி, ஓடிக்கொண்டிருக்கும் தொடர் என்றால் உண்மையிலேயே படப்பிடிப்பும் 'ஓடிக்கொண்டிருந்த' காலம் ஒன்று உண்டு, தெரியுமா? பகலில் எடுத்து இரவில் ஒளிபரப்புவார்கள்! வசனம் துண்டுத் தாள்களாகப் படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கு வரும். 2009-ல் 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' நாயகி கார் விபத்தில் காயமடைந்தபோது, கையிருப்பில் ஒரு எபிசோடுகூட இல்லை. தொடருக்குப் பதில் சிறப்பு நிகழ்ச்சி போட்டு நாளைக் கடத்தினார்கள். ரசிகர்கள் கொதித்தால் கதை திரும்பும், ரேட்டிங் ஏறினால் எபிசோடு கூடும்.

இதை மாற்றியதில் யாருக்குப் பங்கு உண்டு? சொன்னால் நம்ப மாட்டீர்கள், சீன சென்சாருக்கு! சீனாவில் ஒரே நேரத்தில் வெளியிட வேண்டுமானால் முழுத் தொடரையும் முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்க வேண்டும். அதனால் 2016-ல் 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்' முழுசாக எடுத்து முடிக்கப்பட்ட பிறகே ஒளிபரப்பானது. தொடக்கம் 14.3, முடிவு 38.8 சதவீதம். அதன்பின் பலரும் அந்த வழிக்கு வந்தார்கள்.

நடிகர்களும் சும்மா இருப்பதில்லை. தொடர் தொடங்கும் சமயத்தில் "இத்தனை சதவீதம் தாண்டினால் இதைச் செய்வோம்" என்று வாக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். 2016-ல் 'லவ் இன் தி மூன்லைட்' 8.3-ல் தொடங்கியது. 20-ஐத் தாண்டினால் பாரம்பரிய ஹன்போக் உடையில் ரசிகர்களைச் சந்திப்பேன் என்றார் பார்க் போ-கம். தாண்டியது! சியோலின் கியோங்போக் அரண்மனையில் ஆயிரக்கணக்கான பேர் கூடினார்கள், அவர் வாக்கைக் காப்பாற்றினார்.

ரொம்ப முக்கியமான காதல் காட்சியில் திடீரென ஒருவர் காபி மிட்டாய் எடுத்து நீட்டினால் குழம்ப வேண்டாம். அது விளம்பரம். 'ஹோம்டவுன் சா-சா-சா'வில் வரும் கோபிகோ மிட்டாய் இந்தோனேசியாக்காரர்களுடையது. இந்த விஷயத்தில் மட்டும் எனக்குச் சலிப்புதான். கண்ணீர் வரும் நேரத்தில் சாண்ட்விச் கடை பெயர்ப்பலகை தெரிந்தால் எப்படி அழுவது?

மெதுவாகத் தொடங்கி ஜெயிப்பதற்குத் தலைகீழாகவும் நடக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2004-ல் 'லவ்வர்ஸ் இன் பாரிஸ்' முதல் வாரத்திலிருந்தே கொரியாவைக் கட்டிப்போட்டது. கடைசியில் என்ன ஆயிற்று? பார்த்த கதை எல்லாம் நாயகி எழுதிய திரைக்கதையாம்! ஜனங்கள் கொதித்துப் போனார்கள். முதல் வாரத்துக் காதல் கடைசி வாரம்வரை வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

2014 வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சி இந்தக் கொரிய நாயகர்களைத் தமிழ் பேச வைத்தபோது உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. புதிதாக வருபவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: இந்த வாரம் தொடங்கிய தொடர் பிடிக்கவில்லை என்றால் நான்காவது எபிசோடு வரை கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையா, தாராளமாக விட்டுவிடுங்கள். அடுத்த திங்கட்கிழமை இன்னொன்று தொடங்கும்.